இறங்காத காக்கை

சோறு ஆறிவிட்டது.

கொல்லைச் சுவரின் மேல், வாழையிலைத் துண்டில், பருப்பும் நெய்யும் விட்டு வைத்த சோறு. பன்னிரண்டு மணிக்கு வைத்தது. இப்போது ஒன்றரை.

காக்கை எடுக்காமல் வீட்டில் யாரும் சாப்பிட முடியாது.

"கா... கா..." என்று ஒச்சம்மாள் மறுபடியும் கூப்பிட்டாள். செத்துப்போன நாச்சியாரைப் பெற்றவள். ஒக்கூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, மகள் சமைத்த அடுப்பிலேயே சமைத்துப் படைத்திருந்தாள். விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை.

நாச்சியார் மஞ்சள் காமாலையில் போய் இது ஐந்தாவது அமாவாசை. ஐந்து முறையும் காக்கை இறங்கவில்லை.

நாலு வீடு தள்ளி ஒரு வேப்பமரம் நிறையக் காக்கைகள். அந்த வீட்டில் படைத்தவர்கள் சாப்பிட்டுக் கை கழுவியாகிவிட்டது.

"திருப்பத்தூர்க் காக்கா பூராம் அங்குட்டு நிக்குது, இங்குட்டு ஒண்ணு எட்டிப் பாக்கலியே" என்றான் நாச்சியாரின் அண்ணன் மருது. பசி அவனைப் பேச வைத்தது. தங்கை புருஷன் முத்துராமன் பக்கம் திரும்பினான். "ஏன் மாப்ள, கருப்புச் சட்டையெல்லாம் போட்டுத் திரிஞ்சீகளே, நம்ம ஆளுன்னு மொதல்ல உங்க வீட்டுக்குல்ல வந்திருக்கணும்?"

யாரும் சிரிக்கவில்லை. முத்துராமனுக்குக் கோபமும் வரவில்லை. கொஞ்ச நாளாக எதுவும் வருவதில்லை.

உயர்நிலைப் பள்ளியில் உயிரியல் வாத்தியார் அவன். சுயமரியாதைக் கல்யாணம் செல்லும் என்று சட்டம் வந்த அறுபத்தெட்டில், ஐயரும் ஓமமும் இல்லாமல் நாச்சியாருக்கு மாலை மாற்றியவன்.

அவள் மட்டும் அமாவாசை தவறாமல் காக்கைக்குச் சோறு வைப்பாள். அவன் கொல்லை வாசலில் நின்று பாடம் நடத்துவான். குயிலின் குஞ்சைத் தன் குஞ்சென்று நம்பி ஊட்டி வளர்க்கிற பறவை அது. தன் பிள்ளையையே தெரியாததற்கு, உன் தாத்தாவாக வந்து பேத்தியை எப்படித் தெரியும்?

"எடுத்திருச்சுல்ல, சாப்பிட வாங்க" என்பாள் நாச்சியார். நாலு வருஷமும் அதுதான் பதில்.

அவள் போனபின் மாமியார் படைக்க வந்தபோது அவன் தடுக்கவில்லை. பகுத்தறிவு பெண்டாட்டியோடு போய்விட்டது என்று சக ஆசிரியர்கள் பேசிக்கொண்டார்கள். அதையும் மறுக்கவில்லை.

காக்கை எடுக்காவிட்டால் செத்தவளுக்கு ஏதோ குறை. முதல் மாதம் அவளுடைய பச்சைப் புடவையை வைத்துப் பார்த்தார்கள். அப்புறம் பணியாரம். அப்புறம் குலதெய்வத்துக்குக் கிடா. போன மாதம் மருது சுவரைப் பார்த்துக் கைகூப்பி, தங்கச்சிக்கு வளையல் போடாமல் விட்டதற்கு அழுதான்.

இனிச் சொல்ல யாரிடமும் எதுவும் மிச்சமில்லை என்றிருந்தபோது, ஒச்சம்மாள் சுவரோரம் போய் நின்றாள்.

"கல்யாணத்தன்னிக்கு ஒன்னைய வெளக்குமாத்தால அடிச்சேன்ல, ஆத்தா. தப்புத்தான்டி. வந்து எடுத்துக்கடி."

வேப்பமரத்திலிருந்து ஒரு காக்கை கிளம்பியது. கூரைகளைத் தாண்டி நேராக வந்தது.

வீட்டுக்கு மேலே வந்ததும் சட்டென்று திரும்பிப் போய்விட்டது.

ஒச்சம்மாள் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள். "என்னைய மன்னிக்க அவளுக்கு மனசு வரலை, மாப்ள."

அதற்கு முத்துராமனிடம் பதில் இருந்தது. ஒரு வாக்கியம் போதும். அவன் சொல்லவில்லை.

சோற்றைப் பசுவுக்குக் கொடுத்துவிட்டு மூன்று பேரும் சாப்பிட்டார்கள். நாலு மணி பஸ்ஸில் ஏறும்போது ஒச்சம்மாள் சொன்னாள்: "அடுத்த அமாவாசைக்கும் வருவேன். அவ எறங்குற வரைக்கும் வருவேன்."

வீட்டுக்குத் திரும்பி அவன் படியேறினான். மொட்டை மாடிக் கதவின் சாவி அவனிடம்தான் இருந்தது.

கைப்பிடிச் சுவரின் உள்பக்கம், கீழே நிற்பவர் கண்ணில் படாமல், கழியில் ஒரு செத்த காக்கை தலைகீழாகத் தொங்கியது. மூன்று நாளைக்கு முன் அவன் கட்டியது; மாதம் ஒன்றாக இது ஐந்தாவது. பள்ளிக்கூடப் பாடத்துக்கு என்று சொல்லி, சந்தைக்கு வரும் வேட்டைக்காரன் ஒருவனிடம் வாங்கியது. முதல் நாள் ஊர்க் காக்கைகள் கூடிக் கத்தித் தீர்த்தன. பக்கத்து வீட்டில் கேட்டதற்குப் பூனை என்றான். மறுநாளிலிருந்து ஒன்றும் வரவில்லை. தன் இனம் செத்துத் தொங்குகிற இடத்தில் காக்கை பல நாள் இறங்காது.

சோற்றைக் காக்கை எடுத்துவிட்டால் செத்தவள் மனம் நிறைந்து, வீட்டை விட்டே போய்விடுவாள் என்பார்கள்.

அவன் அதை நம்பவில்லை. எப்போதும் நம்பியதில்லை.

கிட்டப் போய்ப் பார்த்தான். இறகுகள் உதிரத் தொடங்கியிருந்தன. எறும்பு ஏறியிருந்தது. அடுத்த அமாவாசை வரை இது தாங்காது.

சனிக்கிழமை சந்தைக்குப் போக வேண்டும்.