கடைசி வரிசைக் கும்பகர்ணன்

"தூங்குறதுக்குன்னே காசு கட்டி வந்திருக்கான் பாரு" என்றார் தலைமையாசிரியர், பின்னால் திரும்பி.

அவர் ஓய்வுபெற்று இரண்டு வருடம் ஆகிறது. குரல் மட்டும் இன்னும் பணியில் இருந்தது.

விடிகாலையில் முப்பது பேரோடு புறப்பட்ட சுற்றுலா பஸ், ஆற்றோரமாக வளைந்து வளைந்து மலையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. எல்லோரும் ஜன்னலில் பல்லியாய் ஒட்டிக் கிடந்தார்கள். கடைசி வரிசையில், ஐந்து பேர் உட்காரும் நீள இருக்கையில், ஒருத்தன் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு காலை நீட்டிப் படுத்திருந்தான். இவர்கள் ஏறும்போதே அப்படித்தான் கிடந்தான்.

"அவன் தூங்கினா உங்களுக்கு என்ன வந்தது?" என்றாள் மனைவி.

வந்தது. அவளுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்து நாலு மாதம். காலை நெடுநேரம் மடக்கி வைக்காதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மூன்றாவது வரிசையில் மடக்காமல் எங்கே வைப்பது? அவள் ஒரு தடவைகூட முனகவில்லை. முழங்காலைத் தடவிக்கொண்டே வந்தாள். அதுதான் அவரைத் தின்றது.

வழிகாட்டியைக் கூப்பிட்டார். கழுத்தில் அடையாள அட்டையும் கையில் மைக்குமாக ஒல்லியாக ஓர் ஆள் ஓடி வந்தான். பின்சீட்டைக் காலி செய்து தரச் சொன்னார்.

"சார், அவரு யாருன்னா..."

"யாரா இருந்தா எனக்கென்ன? மந்திரிக்கு மச்சானா?"

"அவரு தூங்கியாகணும் சார்."

"நாங்க உக்காந்தே வரணும், அவரு தூங்கியாகணும். நல்ல நியாயம்."

பயணி பேசும்போது குறுக்கே பேசாதே என்பது அந்தக் கம்பெனியில் வழிகாட்டிகளுக்குச் சொல்லித்தரும் முதல் பாடம். கடைசி நாளில் பயணிகள் போடும் மதிப்பெண்ணில்தான் அவன் வேலை தொங்கியது. வாயை மூடிக்கொண்டு முன்னால் போய்விட்டான்.

ஏரி வந்தது. ஏரியைப் பார்க்க இறங்கியவர்கள் ஏரிக்கு முதுகைக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள். பின்சீட்டுக்காரன் இறங்கவில்லை. பழத்தோட்டம் வந்தது. அதற்கும் இறங்கவில்லை. ராத்திரி ஊற்றியது இன்னும் தெளியவில்லை என்றார் பயணிகளில் ஒருவரான மருந்துக்கடைக்காரர். பெண்டாட்டிக்குப் பயந்து ஓடிவந்தவனாக இருக்கும் என்றாள் அவர் மனைவி, தன் கணவரைப் பார்த்துக்கொண்டே. பஸ்ஸே சிரித்தது. கும்பகர்ணன் என்று தலைமையாசிரியர் வைத்த பெயர் அதற்குள் நிலைத்துவிட்டது.

மதியம் ஒரு சிற்றூரின் மணிக்கூண்டுக்கு அருகில் சாப்பிட நிறுத்தினார்கள். டிரைவர் தன் கையாலேயே ஒரு டம்ளர் டீ கொண்டுபோய் அவனுக்குக் கொடுத்தார். சோம்பேறிக்குச் சேவகம் வேறு என்று தலைமையாசிரியர் காதில் விழும்படியே சொன்னார்.

வண்டி கிளம்பியதும் அவர் வேலையைத் தொடங்கினார். பாட்டுக்குப் பாட்டு. பஸ்ஸை இரண்டு அணியாகப் பிரித்து, குரல் வளம் உள்ளவர்களையெல்லாம் பின்வரிசையைச் சுற்றி உட்காரவைத்தார். கைதட்டல், விசில், தண்ணீர் கேனில் தாளம். துண்டுக்கு அடியில் அவன் காதைப் பொத்திக்கொண்டான். அரைமணி நேரம் தாங்கினான். பிறகு எழுந்து உட்கார்ந்தான். கண் இரண்டும் மிளகாய்ப்பழமாய்ச் சிவந்திருந்தன.

"சார், ஒரு ரெண்டு மணி நேரம் விட்டுடுங்க. நான் ராத்திரி..."

"ராத்திரி நீ என்ன ஆட்டம் போட்டியோ, அது எனக்குத் தெரிய வேண்டாம். என் பள்ளிக்கூடத்துல கடைசி பெஞ்சுல ஒருத்தனும் தூங்கினது கிடையாது. இங்க ஒரு பொம்பளை காலை நீட்ட முடியாம தவிக்கிறா. உனக்குக் கட்டில் கேக்குதோ?"

அவன் அந்த அம்மாவின் முழங்காலைப் பார்த்தான். எழுந்து, மூன்றாவது வரிசையில் போய் உட்கார்ந்தான்.

மனைவி பின்சீட்டில் காலை நீட்டினாள். "அப்பாடா" என்று ஒரு சொல் அவளை மீறி வந்தது. தலைமையாசிரியருக்கு அது போதும். ஆனால் ஜெயித்தவருக்கு நிறுத்தத் தெரியவில்லை. போய் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். அவன் தலை சாயும்போதெல்லாம் தோளைத் தட்டினார்.

"தம்பி, உன் முறை. 'ம'வுல ஒரு பாட்டு."

ஒரு மணி, இரண்டு மணி, நாலு மணி நேரம். அந்தி சாயும்வரை அவனுக்கு 'ம'வில் ஒரு பாட்டும் வரவில்லை.

பஸ் மலை உச்சிக்கு வந்து நின்றது. வழிகாட்டி மைக்கைத் தட்டினான். இனி நாற்பது கொண்டை ஊசி வளைவு, அதன் பிறகு விடியும்வரை ஓட்டம், காலையில் கடற்கரை என்றான். அவன் குரலில் காலையில் இருந்த உற்சாகம் இல்லை.

டிரைவர் எஞ்சினை அணைத்தார். இடுப்பில் கைவைத்து முதுகை நிமிர்த்திக்கொண்டு பின்வரிசைக்கு வந்தார்.

"கொஞ்சம் எந்திரிங்கம்மா. என் முறை முடிஞ்சுது. நான் படுக்கணும்."

மனைவி காலை மெல்ல மடக்கிக்கொண்டாள். அவள் கணவரைப் பார்த்த பார்வையை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை.

"நீ படுத்துட்டா வண்டிய யாருப்பா ஓட்டறது?" என்று கேட்டுக்கொண்டே திரும்பிய தலைமையாசிரியர், பக்கத்து இருக்கை காலியாக இருப்பதைக் கண்டார்.

ஸ்டியரிங்குக்குப் பின்னால், பாட்டில் தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டு, பெரிதாக ஒரு கொட்டாவி விட்டுவிட்டு, கண்ணாடியைத் திருப்பிச் சரிசெய்தான் கும்பகர்ணன். அந்தக் கண்ணாடியில் இரண்டு சிவந்த கண்கள் தலைமையாசிரியரைத் தேடிப் பிடித்தன.

"இப்பப் பாடுங்க சார். விடியற வரைக்கும் நிறுத்திடாதீங்க."