பழைய காற்று

மகள் ரோகினி, சத்தியசீலனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்ட செய்தி புக்கிட் பெலண்டோக் எஸ்டேட்டை எட்டியதுமே, வீரமுத்து குரங்கு விரட்டும் ஏர் ரைபிளை மடியில் வைத்துக்கொண்டு ஹாலில் உட்கார்ந்துவிட்டார்.

"அவன் இந்தப் பக்கம் வரட்டும். முட்டியப் பேத்துடறேன்!"

மனைவி பஞ்சாலை ரைபிளை எட்டிப் பார்த்தாள். "இந்தச் சின்னக் குண்டுலயா?"

"இது பாயின்ட் டூ டூ லா! பாயின்ட் ஒன் செவன் செவன் நேராப் போவும், ஆனா குறி பாக்கற காகித அட்டையச் சுடத்தான் லாயக்கு. இது கனம். பட்டா எலும்பு தெறிக்கும்."

"பக்கத்து வீட்டு குலாம் அண்ணன்கிட்டயும் ஒரு துப்பாக்கி இருக்கே?"

"அது ஸ்பிரிங். சுடறப்ப உதைக்கும், குறி மாறிடும். இது காத்து அடைச்சது, துளி ஆடாது."

"தீபாவளிக்கு அடைச்ச காத்தாச்சே. குறைஞ்சிருந்தா குறி தப்பாதாங்க?"

வீரமுத்து அவளை வியப்போடு பார்த்தார். "பரவால்லையே, நீயும் என் பக்கந்தானா!"

ரைபிளின் திருகாணியைத் தளர்த்தினார். புஸ்ஸென்று காற்று முழுவதும் வெளியேறியது.

"புதுசா அடைச்சிக்கலாம். பம்பு எங்க?"

பஞ்சாலை ஸ்டோர் ரூம் தாழ்ப்பாளை நீக்கினாள். கழுத்தில் மாலையோடு உள்ளே ஒளிந்திருந்தவர்களிடம் சொன்னாள்:

"ரோகினி, மாப்பிள்ளையக் கூட்டிக்கிட்டு வெளிய வாம்மா. பம்பு மட்டும் உள்ளயே இருக்கட்டும்."