மாவளிக் கரி

“பையத் திறடி!”

சுரங்க கேட்டில் காவலுக்கு நின்ற மணிமொழி அதட்டினாள். காக்கிச் சட்டைக்குள் அவளுக்குக் கழுத்தெல்லாம் வியர்வை. வேலியோரம் பிடிபட்ட சிறுமி மஞ்சப்பையைக் கவிழ்த்தாள். லாரியிலிருந்து சிந்திய பழுப்பு நிலக்கரி, நாலைந்து கட்டி.

போன வாரம்தான் வந்து சேர்ந்த சூப்பர்வைசர் கண்ணையன், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “எதுக்கு இது? அடுப்புக்கா?”

“மாவளி சுத்தறதுக்குங்க. இன்னிக்குக் கார்த்திகை தீபம்.”

அவர் சிரித்துவிட்டார். “பனம்பூவைச் சுட்டுக் கரியாக்கி, இடிச்சு, துணியில சுருட்டிக் கட்டிச் சுத்தினாத்தான் பொறி பறக்கும். நாங்க சுத்தாத மாவளியா? இதுல புகைதான் வரும்.”

“எங்க பனமரமெல்லாம் இந்தக் குழியிலதாங்க போச்சு. கரி மட்டும் மேல வருது. அப்ப இதுவும் எங்க கரிதான?”

கண்ணையனின் சிரிப்பு நின்றது. “வாயப் பாரு! மணிமொழி, எந்த வூட்டுப் புள்ளைன்னு கேளு. அப்பன் ஆத்தா இங்க காண்ட்ராக்ட்டுல இருந்தா, இன்னிக்கே கேட் பாஸைப் புடுங்கி வேலைய வுட்டு அனுப்பிடறேன்.”

மணிமொழி தொண்டையைச் செருமினாள். “சொல்லு. யாரு வூட்டுப் புள்ள நீ?”

“அப்பா செத்துட்டாருங்க.”

“ஆத்தா?” என்றார் கண்ணையன்.

“அவங்களும் இல்லீங்க.” கொஞ்சமும் யோசிக்காமல் வந்தது பதில்.

“அதான் கேக்க ஆளில்லாம சுத்திக்கினு திரியுது. ஒரு அறை வுட்டுத் தொரத்து. மறுபடி இந்தப் பக்கம் தலை வைக்கக் கூடாது.”

“சின்னப் புள்ளைங்க சார்…”

“உன் பாஸும் அடுத்த மாசம் புதுப்பிக்கணும். ஞாபகம் இருக்கில்ல?”

பளாரென்று விழுந்தது மணிமொழியின் அறை. சிறுமி அழவில்லை. கண்ணையன் எழுந்து டீக்கடைப் பக்கம் நடந்தார்.

மணிமொழி குனிந்தாள். சிதறிக் கிடந்த கட்டிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டு, அந்தச் சின்னக் கையில் திணித்தாள்.

நாலடி போன சிறுமி நின்று திரும்பினாள். கன்னத்தில் விரல் தடம் சிவந்திருந்தது. யாரும் இல்லையே என்று சுற்றிப் பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்டாள்:

“மாவளி கட்டத் துணி வேணும். வூட்டுல இருக்கற உன் பழைய சேலையக் கிழிச்சுக்கட்டுமா, அம்மா?”