பின் சக்கரத்து ஆக்சில்

ஏழாவது போல்ட்டும் வந்துவிட்டது.

அவள் அதை மண்ணில் வைக்காமல் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

சன்னலுக்கு அப்பால் மின்விசிறி கடகடத்தது. அதனூடே கணவனுடைய குறட்டை. ஒவ்வொரு திருகுக்கும் ஒரு முறை செவி சாய்த்தாள்.

சென்ற செவ்வாயன்று, ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த நிலையிலேயே அவனுக்கு வலிப்பு வந்தது. மினி லாரி வாய்க்கால் மேட்டில் மோதி நின்றது. நின்றதனால் அவன் பிழைத்தான்.

ஆறு மாதங்களுக்கு வண்டியைத் தொடக் கூடாது என்றார் மருத்துவர். அவன் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினான்.

இன்று மாலை ஐந்து மணிக்குத் தக்காளி லோடு ஒப்புக்கொண்டிருக்கிறான்.

சாவியை ஒளித்துப் பார்த்தாள்; ஒயர்களைச் சேர்த்துக் கிளப்பினான். டயரில் காற்றைப் பிடுங்கினாள். கால்மணி நேரத்தில் அடித்துவிட்டான்.

ஆகவேதான் ஆக்சில், சக்கரத்தைச் சுழற்றும் அந்த இரும்புத் தண்டு.

அதை உருவினால் சக்கரம் கழலாது. வண்டி பார்வைக்கு அப்படியே நிற்கும். எஞ்சின் உறுமும், கியர் விழும். ஓரடி நகராது.

"ஏனக்கா, அண்ணன் படுத்துத் தூங்குது, நீ ஸ்பேனர் புடிச்சிருக்கற? நல்ல குடித்தனந்தான் போ!"

வேலிக்கு மேலாகப் பக்கத்து வீட்டுச் செல்லக்கிளி.

அவள் உதட்டில் விரல் வைத்தாள். உதட்டில் கிரீஸ் ஒட்டிக்கொண்டது.

கடைசியான எட்டாவதும் வந்தது. ஆயினும் ஆக்சிலின் முகப்புத் தட்டு அசையவில்லை. சுத்தியலால் நாலு தட்டுத் தட்டினால் விடும். தட்டினால் அவன் எழுந்துவிடுவான்.

முகப்பில் இரண்டு துளைகள் வெறுமனே விடப்பட்டிருக்கும். அவற்றில் இரு போல்ட்டுகளை இட்டு மாற்றி மாற்றி முடுக்கினால், தட்டு ஓசையின்றி வெளியே தள்ளிக்கொண்டு வரும். பதினோரு ஆண்டுகள் அவனுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவளுக்கு இது தெரியாதா?

இப்பக்கம் அரைச் சுற்று. அப்பக்கம் அரைச் சுற்று.

மயிரிழை இடைவெளி தெரிந்தது.

அப்போது மின்சாரம் போயிற்று.

மின்விசிறி முனகி ஓய்ந்தது. குறட்டையும் இல்லை. கட்டில் கிறீச்சிட்டது.

அவள் இரு கைகளாலும் பற்றி இழுத்தாள். ஒரு சாண் வந்தது. இன்னும் ஒரு சாண்.

காலடி வாசலில் இறங்கி, அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது.

அவள் திரும்பவில்லை. பிடியை விடவுமில்லை.



பிறகு காலடி குழாயடிக்குச் சென்றது. பிளாஸ்டிக் பேசினிலிருந்து தண்ணீரைக் கவிழ்க்கும் ஓசை கேட்டது. அவன் திரும்பி வந்து, அவளருகில் குந்தி, சக்கரத்துக்கு அடியில் காலி பேசினைத் தள்ளினான்.

"மெதுவா உருவு மயிலு. ஆயில் கொட்டுது பாரு."

வீட்டுக்குள் அவனுடைய கைபேசி ஒலித்தது; தக்காளி லோடுக்காரராகத்தான் இருக்கும். ஓய்ந்தது. மறுபடியும் ஒலித்தது.

வெளிப்பட்டுக்கொண்டிருந்த இரும்பை, அது மண்ணில் இடியாதவாறு, அவன் இரு உள்ளங்கைகளிலும் தாங்கிக்கொண்டிருந்தான்.