அனெக்ஸ் வாசல் களை

கொட்டாஞ்சேனையில் புளோறன்ஸ் அக்காவின் முற்றத்தில் களை தலை காட்டிப் பிழைத்ததில்லை. கோரையென்றால் கிழங்கோடு தோண்டி எடுப்பா. மூக்குத்திப் பூண்டென்றால் மொட்டிலேயே பிடுங்குவா. பூக்க விட்டால் பஞ்சு வெடித்து விதை பறக்கும், பிறகு ஆயுளுக்கும் முதுகு நிமிராது என்பா.

கல்கிசையில் மகளோடு கொஞ்ச நாள் நின்றுவிட்டு வந்து பார்த்தால், பக்கத்து வீட்டுக் கதிர்காமநாதனின் வீட்டோடு ஒட்டிய அனெக்ஸ் அறை வாசல் நிறைய மூக்குத்திப் பூண்டு. பூவும் பஞ்சுமாய், முற்றிப்போய்.

"பிடுங்கும் தம்பி. இல்லாட்டி நான் வந்து பிடுங்குவன்."

"பிடுங்க மாட்டன் அக்கா. என்ர வாசல், என்ர களை."

ஒருநாளும் எதிர்த்துக் கதைக்காத மனிசன், கதவைச் சாத்திவிட்டார்.

வடக்கிலிருந்து வந்து பொலிசில் பதியாத பெடியன்களை ஆமி வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போகிற காலம். ஒழுங்கை வீடெல்லாம் வாய்மூடிக் கிடக்க, இந்த மனிசி களைக்குச் சண்டை பிடிக்குது என்று சனம் தலையிலடித்துக்கொண்டது.

அடுத்தநாள் காலமை அக்கா சொன்னபடியே படலையைத் திறந்து உள்ளே போய், ஒரு பூண்டைப் பிடித்து இழுத்தா. இழுக்கவே தேவையிருக்கவில்லை. வேரைச் சுற்றி மண் உருண்டையோடு அப்படியே கையில் வந்தது.

பூண்டைப் பார்த்தா. பூட்டிக் கிடந்த அனெக்ஸ் கதவைப் பார்த்தா. திரும்பக் குழியில் வைத்து, காலால் மிதித்து இறுக்கினா.

அந்த நேரம்தான் படலைக்குள் சப்பாத்துச் சத்தம். கதிர்காமநாதனின் வீட்டைக் கிளறி முடித்த ஆமிக்காரர், அனெக்ஸ் பூட்டின் திறப்பைக் கேட்டார்கள். கதிர்காமநாதன் திறப்பைத் தேடுவதுபோல் சட்டைப்பையைத் தடவினார்.

அக்கா வாசலை விட்டு அசையவில்லை. மாதக்கணக்காய் இதைப் பூட்டிப் போட்டு, ஒரு களை பிடுங்கத் துப்பில்லாத மனிசன் என்று சிங்களத்தில் பொரிந்து தள்ளினா.

ஆமிக்காரரில் கிராமத்துப் பெடியன் ஒருவன் குனிந்து பார்த்தான். முற்றி விதை விட்டிருக்கு, கன நாளாய் ஒருத்தரும் மிதிக்கேல்லை என்று பெரியவனுக்குச் சொன்னான். சொல்லிக்கொண்டே ஒன்றைப் பிடுங்கக் கை நீட்டினான்.

"தொடாதை மல்லி," என்று சிங்களத்தில் தம்பி முறை சொல்லித் தடுத்தா அக்கா. "விதை பறந்தால் என்ர முற்றம் நாசம். வளர்த்தவரே பிடுங்கட்டும்."

சிரித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

கதிர்காமநாதன் படலையைச் சாத்திவிட்டு வந்தார். அக்கா சேலையில் மண்ணைத் துடைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னா:

"முற்றின பூண்டைப் பேர்த்து நட்டால் தலை தொங்கும் தம்பி. உள்ளுக்குப் பெடியனுக்குச் சோறு குடுக்கேக்க, இதுக்கும் கொஞ்சம் தண்ணி ஊத்தும்."