எந்த விஜய?

பழம்பொருள் கடைக்காரருக்குக் கடைவீதியில் பஞ்சாங்கம் என்றுதான் பெயர். விஜய வருஷம் நடந்தபோதே புதுப் பித்தளைச் செம்புகளில் ‘விஜய வருஷம்’ என்று மைத்துனனை விட்டு வெட்டச் சொல்லி, பழசாக்கி விற்று வந்தார்.

“திருவள்ளுவர் ஆண்டு, சக ஆண்டுன்னு நம்பரைப் போட்டா, கூட்டிக் கழிச்சுக் கண்டுபிடிச்சிருவான் மாப்ளே. பேரு அப்படியில்ல. அறுபது வருஷத்துக்கு ஒரு தடவை திரும்பி வரும். 2013-ம் விஜயதான், 1953-ம் விஜயதான், 1893-ம் விஜயதான். வர்றவன் ஆசைக்கு ஏத்ததை அவனே எடுத்துக்குவான். நாம வாயைத் திறந்து பொய் சொல்ல வேண்டியதே இல்ல.”

சொன்னதும் இல்லை. அதில் அவருக்கு ஒரு பெருமை.

மாதிரிக்கு வைத்திருந்த அசல் செம்பு மட்டும் உள்ளறைப் பெட்டியில் தூங்கியது. நிஜமாகவே 1893. அதை விற்றுத்தான் வீட்டுக்கு மாடி கட்டுவதாக மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

புது இன்ஸ்பெக்டர் போலிச் சரக்கைத் தேடி அலைகிறார் என்று பக்கத்துக் கடைக்காரர் சொல்லிவிட்டுப் போன அன்று, ஒருவர் வந்தார். ஒட்ட வெட்டிய முடி, பழுப்பு ஷூ. அலமாரியில் இருந்த செம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது எந்த விஜய?”

இதுவரை யாரும் கேட்காத கேள்வி. இன்ஸ்பெக்டரேதான் என்று பஞ்சாங்கம் முடிவு கட்டினார்.

“போன விஜயதான் சார். 2013. என் மைத்துனன் வெட்டினது.”

“நிச்சயமா?”

“சத்தியமா சார். பித்தளை விலை குடுத்தாப் போதும்.”

அவர் கொடுத்தார். கைக்குழந்தையை வாங்குவதுபோல் செம்பை வாங்கிக்கொண்டார்.

“எந்த ஸ்டேஷன் சார் நீங்க?”

“ஸ்டேஷனா? எனக்கும் உங்க தொழில்தாங்க. பழசு வாங்கி விக்கிறேன்.”

அவர் தலை மறைந்ததும் பஞ்சாங்கம் வயிறு குலுங்கச் சிரித்தார். ஒரு வியாபாரியே புதுச் செம்பைக் கட்டிக்கொண்டு போகிறானே!

உள்ளறையிலிருந்து மைத்துனன் வந்தான். கையெல்லாம் பச்சை.

“அத்தான், கடைசியா இருந்த நம்ம செம்புக்குக் களிம்பு ஏத்திக்கிட்டு இருக்கேன். அலமாரி காலியா இருக்க வேண்டாமேன்னு பெட்டியில இருந்ததை எடுத்து வெச்சேன். எங்கே அது?”

கடை திறந்த நாளிலிருந்து பஞ்சாங்கம் வாயைத் திறந்து சொன்ன பொய் அந்த ‘2013’ ஒன்றுதான்.