திருட்டுத்தீனி

பேக்கரிக்காரர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மல்லாந்து படுத்து, சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினார். டெக்னீஷியன் பெண் உள்ளங்கையளவு வட்டத்தகடு ஒன்றைத் தழும்பின் மேல் வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள்.

பார்த்தவள் கண்ணை எடுக்கவேயில்லை.

தோலுக்கடியில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு மிஷின். அதிலிருந்து இரண்டு மெல்லிய கம்பிகள் இரைப்பைக்குப் போகின்றன. காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை அது இரைப்பையை லேசான மின்சாரத்தால் தட்டிக்கொண்டே இருக்கும். நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு போதும் என்று சொல்லிவிடும். ராத்திரி மிஷினுக்கு ஓய்வு.

எடை இறங்க வேண்டும், சர்க்கரை இறங்க வேண்டும். மிஷின் வைத்த மூன்று மாதத்தில் இரண்டும் ஏறித்தான் இருந்தன. இன்றும் இறங்காவிட்டால் மிஷினை எடுத்துவிடலாம் என்று டாக்டர் போன தடவையே சொல்லிவிட்டார்.

ஒரு கால்விரல் ஏற்கெனவே போயாகிவிட்டது. அடுத்தது கால் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

“பகல் பூரா பசி உயிர் போகுது மேடம். ராத்திரியானா வயிறு கல்லு மாதிரி ஆயிடுது.”

“ஆகாம என்ன செய்யும்? ஊர் தூங்கினப்புறம் எந்திரிச்சு முழுங்கினா!” என்றாள் பக்கத்தில் நின்ற மனைவி.

பாவம், அவளும் என்னதான் செய்வாள். ஃப்ரிட்ஜைப் பூட்டி, சாவியைத் தலையணைக்கடியில் வைத்துப் படுத்தாள். பேக்கரியில் கூட வேலை செய்கிறவர்கள் வாயை ஊதச் சொல்லி மோந்து பார்த்தார்கள். செல்லமாக வளர்த்த மகள், அப்பாவுக்கு எங்களைவிட வாய்தான் பெரிசு என்று சொல்லிவிட்டுப் பேச்சையே நிறுத்திக்கொண்டாள்.

வராந்தாவில் டாக்டரின் குரல் கேட்டது. பேக்கரிக்காரர் முகம் வெளிறிப்போயிற்று.

“ஒத்துக்கிறேன் மேடம். திருடித்தான் தின்னேன். இனிமே சத்தியமா தொட மாட்டேன், இதை மட்டும் எடுத்துடாதீங்க.”

“அப்பாடா!” என்றாள் மனைவி. “இந்த ஒரு வார்த்தைய வரவழைக்க மூணு மாசம் ஆச்சு.” சிரிப்பும் அழுகையுமாக அவர் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

அது பொய் என்று டெக்னீஷியனுக்குத் தெரியும்.

அறைச் சுவர்க் கடிகாரத்தில் மணி காலை பத்து பத்து. திரையில், மிஷினுக்குள் ஓடும் கடிகாரத்தில், இரவு பத்து பத்து.

அறுவை சிகிச்சை அன்று நேரத்தைப் பொருத்தியது அவள்தான். காலை என்று அழுத்த வேண்டிய இடத்தில் இரவு என்று அழுத்தியிருக்கிறாள். மூன்று மாதமாக மிஷின் பகல் முழுக்கத் தூங்கி, ராத்திரி முழுக்க வேலை பார்த்திருக்கிறது. மனிதர் ஒரு பன்னைக்கூடத் திருடவில்லை.

சொன்னால் வேலை போய்விடும்.

நேரத்தை மாற்ற இரண்டு நொடிதான் ஆயிற்று. உள்ளே ஏதோ தட்ட, பேக்கரிக்காரர் திடுக்கிட்டு வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

டாக்டர் உள்ளே வந்து, மிஷின் எப்படி என்று கேட்டார்.

“மிஷின்ல ஒரு குறையும் இல்ல டாக்டர். வாயைக் கட்டல, அவ்வளவுதான். அவரே ஒத்துக்கிட்டார்.”

டாக்டர் ஒரு பெருமூச்சு விட்டு, இன்னும் மூன்று மாதம் பார்க்கலாம் என்று எழுதினார்.

பேக்கரிக்காரர் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டு, டெக்னீஷியனுக்கு இரண்டு தடவை நன்றி சொன்னார்.